விரைவுச்சாலை இறங்கும் தெரு

உங்கள் வீட்டு வாசலில் நின்று, ஒரு நாளில் அந்த வழியே எத்தனை வாகனங்கள் போகின்றன என்று என்றாவது எண்ணிப் பார்த்ததுண்டா? வேலையற்ற வேலை என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்லக்கூடும். ஆனால் அமெரிக்காவில், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய டொனால்ட் ஆப்பிள்யார்டு என்ற பேராசிரியர், இந்தக் கணக்கிலிருந்துதான் ஒரு புகழ்பெற்ற ஆய்வைத் தொடங்கினார்.

சான் பிரான்சிஸ்கோ நகரின் வடபகுதியில் ஆக்டேவியா, காஃப், ஃபிராங்க்ளின் என்று மூன்று வீதிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. வீடுகளும் குடியிருப்போரும் ஏறத்தாழ ஒரே மாதிரி. ஒன்றில் மட்டும்தான் பெரிய வேறுபாடு. ஆக்டேவியாவில் நாள் ஒன்றுக்குச் சுமார் 2,000 வாகனங்கள் சென்றன, காஃப் வீதியில் 8,000, ஃபிராங்க்ளினில் 16,000. ஆப்பிள்யார்டும் அவருடைய குழுவினரும் அங்கே குடியிருந்தவர்களிடம், இந்தத் தெருவில் உங்களுக்கு எத்தனை நண்பர்கள், முகம் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். 1972இல் வெளியான விடை இது: வாகனம் குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 அறிமுகமானவர்கள். நடுத்தரமான தெருவில் 1.3 நண்பர்கள், 4.1 அறிமுகமானவர்கள். வாகனம் மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகமானவர்கள்!

ஒவ்வொரு தெருவிலும் விரிவாகப் பேட்டி கண்டது 12 பேரைத்தான். இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்று உங்களுக்குத் தோன்றினால், நீங்கள் சரியான வழியில் சிந்திக்கிறீர்கள் என்று பொருள். அறிவியலில் இதற்கு ஒரே மருந்து, வேறோர் இடத்தில் வேறொருவர் மீண்டும் செய்து பார்ப்பதுதான். 2008இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் அதே ஆய்வு திரும்பச் செய்யப்பட்டது. அங்கும் வாகனம் பெருகப் பெருக நட்பு சுருங்கியிருந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு. 'எந்த எல்லைவரை உங்கள் இடம் என்று நினைக்கிறீர்கள்?' என்பதை ஆய்வுக் குழு ஒவ்வொருவரிடமும் கேட்டு வரைபடத்தில் குறித்தது. அமைதியான தெருவில் இருந்தவர்கள் தெரு முழுவதையுமே தம் இடமாகக் கருதினார்கள். ஃபிராங்க்ளின் வீதிக்காரர்களுடைய கோடோ, வீட்டுச் சுவரோடு நின்றுவிட்டது. சிலருக்கு அது இன்னும் உள்ளே போய், தெருப் பக்கத்து அறைகளைக்கூட விட்டுவிட்டது. குழந்தைகள் உள்ள குடும்பங்கள் பல அந்தத் தெருவை விட்டே போயிருந்தன.

இந்த 16,000 வாகனங்களும் யாருடையவை? நிச்சயமாக அந்தத் தெருவாசிகளுடையவை அல்ல. நகருக்குத் தெற்கேயிருந்து வரும் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, வீட்டுக் கூரைகளுக்கு மேலாக, தூண்களின் மீது ஓடிய 'சென்ட்ரல்' விரைவுச்சாலை 1959இல் திறக்கப்பட்டது. அதை வடக்கே நீட்டி கோல்டன் கேட் பாலம்வரை கொண்டுபோவதாகத் திட்டம். ஆனால் அதே 1959இல், மக்களின் எதிர்ப்பைக் கண்ட நகரசபை, திட்டமிடப்பட்டிருந்த விரைவுச்சாலைகளில் ஏழை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த மேம்பாலம் ஊரின் நடுவிலேயே நின்றுபோயிற்று. அதிலிருந்து இறங்கிய கார்கள் வடக்கே போக ஃபிராங்க்ளினும், வடக்கேயிருந்து வந்தவை பாலம் ஏறக் காஃப் வீதியும் ஒருவழிப் பாதைகளாயின. குழாய் எங்கே முடிகிறதோ அங்கேதான் தண்ணீர் கொட்டும் அல்லவா?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு தெருவுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ஆட்களையும் பொருள்களையும் கடத்திவிடுவது. மற்றொன்று, அங்கே குடியிருப்போருக்கு வாசலாக இருப்பது. நெடுஞ்சாலைக்கு முதல் வேலை மட்டும்தான். சந்துக்கு ஏறக்குறைய இரண்டாவது மட்டும்தான். நெடுஞ்சாலை ஊருக்குள் இறங்கும் தெருவுக்கோ இரண்டும் முழு அளவில் வந்து சேர்கின்றன. இரண்டும் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

வேகத்தின் இருமடி

ஒரு குழந்தை பந்தின் பின்னால் தெருவுக்குள் ஓடி வருகிறது. அதற்கும் வரும் காருக்கும் இடையே 14 மீட்டர். ஓட்டுநர் அதைக் கண்டு, கால் பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த பின் கார் வினாடிக்கு வினாடி 7 மீட்டர் வீதம் வேகம் குறைகிறது. நல்ல உலர்ந்த சாலைக்கு இது பொருந்தும்.

மணிக்கு 30 கி.மீ. என்பது வினாடிக்கு 8.3 மீட்டர். எனவே அந்த ஒரு வினாடியில் கார் 8.3 மீட்டர் நகர்ந்துவிடும். அதன் பிறகு நிற்பதற்கு ஆகும் தூரம், வேகத்தின் இருமடியை எதிர்முடுக்கத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் கிடைக்கும். அது 5 மீட்டர். மொத்தம் 13.3 மீட்டர். குழந்தைக்கு ஒரு முழத்துக்குச் சற்று அதிகமான தூரத்தில் கார் நின்றுவிடும்.

மணிக்கு 50 கி.மீ. ஆனால்? வினாடிக்கு 13.9 மீட்டர். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடும்போதே கார் குழந்தையை எட்டிவிட்டது! வேகம் சிறிதும் குறையவில்லை. அந்த மோதலின் கடுமையை உணர ஓர் ஒப்புமை சொல்கிறேன். 50 கி.மீ. வேகம் என்பது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து தரையைத் தொடும் வேகம். 30 கி.மீ. என்பது மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவது. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை. உயரமோ ஏறத்தாழ மூன்று மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருப்பதன் விளைவு இது.

தெருக்களில் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் எழுதி வந்த ஆப்பிள்யார்டு, 1982இல் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் வேகமாக வந்த ஒரு கார் மோதி இறந்தார். அவருடைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் 'லிவபிள் ஸ்ட்ரீட்ஸ்' என்ற நூல் அதற்கு முந்தைய ஆண்டுதான் வெளியாகியிருந்தது.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாகனங்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தால் சத்தமும் பாதியாகிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபல் என்பது மடக்கை அளவு. எண்ணிக்கை பாதியானால் 3 டெசிபல்தான் குறையும். நம் காதுக்கு அது லேசாகத்தான் தெரியும். ஆக்டேவியாவுக்கும் ஃபிராங்க்ளினுக்கும் இடையே எட்டு மடங்கு. அதாவது மற்றவை சமமாக இருந்தால் 9 டெசிபல் வேறுபாடு. அதைத்தான் காது ஏறக்குறைய 'இரண்டு மடங்கு சத்தம்' என்று கொள்ளும்.

வேகம் குறைந்தால் ஊர் நின்றுவிடுமா?

'எல்லாம் சரி. வேகத்தைக் குறைத்தால் இத்தனை வாகனங்களும் எப்படிப் போய்ச் சேரும்? சாலை அடைத்துக்கொள்ளாதா?' என்பீர்கள். பொறியாளர்கள் பலரும் நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தார்கள். தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்.

ஒரு தடத்தில் கார்கள் வரிசையாகப் போகின்றன. ஒவ்வொன்றின் நீளம் 5 மீட்டர். ஒவ்வொரு காரும், தான் முழுவதும் நிற்பதற்குத் தேவையான தூரத்தை முன்காருக்குப் பின்னால் விட்டு ஓடுகிறது. 30 கி.மீ. வேகத்தில் ஒரு காருக்கு வேண்டிய இடம் 5 + 13.3 = 18.3 மீட்டர். அதைக் கடக்க 2.2 வினாடி. ஆக, ஒரு மணி நேரத்தில் சுமார் 1,640 கார்கள் நம்மைக் கடந்து போகும். 50 கி.மீ. வேகத்தில் நிற்கும் தூரம் 27.7 மீட்டர், வேண்டிய இடம் 32.7 மீட்டர், மணிக்குச் சுமார் 1,530 கார்கள். 100 கி.மீ. வேகத்தில் நிற்பதற்கே 83 மீட்டர் வேண்டும். மணிக்குச் சுமார் 1,140 கார்கள்தான்! வேகம் கூடக் கூட, கடந்து போகும் கார்களின் எண்ணிக்கை குறைகிறது. வேகத்தைவிட வேகமாக இடைவெளி வளர்வதுதான் காரணம். கணிதத்தில் ஆர்வம் உள்ளவர்கள், எந்த வேகத்தில் எண்ணிக்கை மிக அதிகமாகும் என்று கண்டுபிடித்துப் பாருங்கள். விடை 30 கி.மீ.க்கு மிக அருகில் வரும்.

உண்மையான விரைவுச்சாலையில் ஓட்டுநர்கள் இவ்வளவு இடைவெளி விடுவதில்லை. முன்னால் போகும் கார் சுவரில் மோதியதுபோல் அந்த இடத்திலேயே நின்றுவிடாது என்ற நம்பிக்கையில் நெருங்கியே செல்கிறார்கள். ஆகவே அங்கே ஒரு தடத்தில் மணிக்கு 2,000 கார்கள்வரைகூடப் போகின்றன. அந்த நம்பிக்கை பொய்க்கும் நாளில்தான் பனிமூட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இருபது கார்கள் மோதிய செய்தியைப் படிக்கிறோம். எப்படியானாலும், மூன்று மடங்கு வேகத்தில் ஓடினால் மூன்று மடங்கு கார்கள் போகும் என்பது மட்டும் உண்மையல்ல.

ஊருக்குள் கடத்தும் திறனைத் தீர்மானிப்பது வேகமே அல்ல, சந்திப்புதான். பச்சை விளக்கு பாதி நேரம் எரிந்தால், சாலையின் திறனும் பாதி. இரண்டு சந்திப்புகளுக்கு இடையே எவ்வளவு பறந்து போனாலும், அடுத்த சிவப்பு விளக்கில் காத்திருக்கத்தான் வேண்டும்.

பதினைந்து வினாடி நிலநடுக்கம்

1989 அக்டோபர் 17, மாலை 5 மணி 4 நிமிடம். லோமா பிரியேட்டா மலையருகே மையம் கொண்ட நிலநடுக்கம் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைச் சுமார் 15 வினாடிகள் உலுக்கியது. அளவு 6.9. மொத்தம் 63 பேர் இறந்தனர். அவர்களுள் 42 பேர், விரிகுடாவின் மறுகரையில் உள்ள ஓக்லண்டு நகரில், சைப்ரஸ் என்னும் ஈரடுக்கு மேம்பாலச் சாலையின் மேல்தளம் கீழ்தளத்தின் மீது விழுந்ததால் மடிந்தவர்கள். சான் பிரான்சிஸ்கோவின் சென்ட்ரல் விரைவுச்சாலையும் ஈரடுக்குதான். விழவில்லை, ஆனால் விரிசல் கண்டது. அதன் வட நுனி சில ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. 1996இல் மேல்தளமும் போயிற்று.

மீதியை என்ன செய்வது? மேம்பாலம் கடந்து சென்ற ஹேய்ஸ் வேலி என்ற பேட்டையில் இருந்தவர்கள், அதன் அடியில் இருட்டும் குப்பையும் பயமுமாக முப்பது ஆண்டுகளைக் கழித்தவர்கள். அவர்களுக்கு அது வேண்டாம். நகரின் மேற்குப் பகுதியில் குடியிருந்தவர்களுக்கோ, வேலைக்குப் போகவர அதுவே வழி. அவர்களுக்கு அது வேண்டும். ஒரு பக்கத்தாரை நல்லவர்கள், மறுபக்கத்தாரைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. நாள்தோறும் அரை மணி நேரம் கூடுதலாகச் சாலையில் கழிப்பது என்பது சிறிய விஷயமல்ல. 1997இல் நகர மக்கள் வாக்களித்து, மேம்பாலத்தைத் திரும்பக் கட்டலாம் என்றார்கள். 1998இல் மீண்டும் வாக்கெடுப்பு: வேண்டாம், தரையில் மரங்கள் அடர்ந்த அகன்ற சாலை போதும் என்றார்கள். 1999இல் மூன்றாம் முறையும் வாக்களித்தார்கள், சாலையே வென்றது. ஒரு மேம்பாலத்துக்காக மூன்று ஆண்டுகளில் மூன்று வாக்கெடுப்பு!

புதிய சாலையை வடிவமைத்தவர்கள் ஆலன் ஜேக்கப்ஸ், எலிசபெத் மெக்டொனால்டு என்ற இருவர். பாரிஸ், பார்சலோனா போன்ற நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் உள்ள 'புல்வார்' என்னும் பழைய வகையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சுமார் 40 மீட்டர் அகலம். நடுவே, போக இரண்டு, வர இரண்டு என நான்கு தடங்கள்; நெடுஞ்சாலைக்குப் போகும் வண்டிகள் இவற்றில் செல்லும். இருபுறமும் மரங்கள் நட்ட திட்டு. திட்டுக்கு அப்பால் ஒரே தடமுள்ள பக்கச்சாலை. வீடு தேடி வருபவர், வண்டி நிறுத்துபவர், சைக்கிளில் செல்பவர் ஆகியோருக்கு. அதன் பிறகு நடைபாதை, மீண்டும் மரங்கள், வீடுகள். ஆக, தெருவின் இரண்டு வேலைகளும் ஒரே தெருவுக்குள் அகலவாட்டில் பிரித்துக் கொடுக்கப்பட்டன. விரைவுச்சாலை, மார்க்கெட் வீதியின் முனையிலேயே தரையிறங்கிவிடுகிறது. அங்கே முதல் சிக்னல். அதைத் தாண்டினால் நீங்கள் ஊருக்குள் வந்துவிட்டீர்கள்.

இத்தகைய சாலைகளை அமெரிக்கப் பொறியாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கைவிட்டிருந்தார்கள். காரணம் இல்லாமல் இல்லை. நடுத்தடத்தில் வரும் கார் வலப்புறம் திரும்பும்போது, பக்கச்சாலையில் நேரே போகும் காரின் குறுக்கே வருகிறது. சந்திப்பில் வழிகள் குறுக்கிடும் புள்ளிகள் பெருகிவிடுகின்றன. காகிதத்தில் எண்ணிப் பார்த்தால் அச்சமாகத்தான் இருக்கும். ஆனால் ஜேக்கப்ஸ் குழுவினர் நடப்பில் உள்ள புல்வார்களின் விபத்துக் கணக்குகளை எடுத்துப் பார்த்தபோது, அவை சாதாரணச் சாலைகளைவிட ஆபத்தானவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. சிக்கலான இடத்தில் மனிதர்கள் கவனமாகவும் மெதுவாகவும் ஓட்டுகிறார்கள் என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

எஞ்சிய மேம்பாலம் 2003இல் இடிக்கப்பட்டது. 2005 செப்டம்பரில் புதிய சாலை திறக்கப்பட்டது. அதன் பெயர் ஆக்டேவியா புல்வார். ஆம், ஆப்பிள்யார்டு வடக்கே ஆராய்ந்த அந்த அமைதியான வீதியின் தென்பகுதிதான் இது!

வாகனங்கள் எங்கே போயின?

பழைய மேம்பாலத்தில் நாள் ஒன்றுக்கு 90,000க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஓடியிருந்தன. திறந்து ஆறு மாதத்தில் எடுத்த கணக்கின்படி, புல்வாரில் சென்றவை சுமார் 45,000. மற்ற பாதி பக்கத்துத் தெருக்களில் பரவின. வேறு நுழைவாயில்களைத் தேடிக்கொண்டன. சிலர் நேரத்தை மாற்றிக்கொண்டார்கள், சிலர் பயணத்தையே விட்டார்கள். சான் பிரான்சிஸ்கோவின் தெருக்கள் சதுரங்கப் பலகைபோல் கட்டம் கட்டமாக அமைந்தவை. ஒரு வழி குறுகினால் மாற்று வழிகள் பல. இது ஒரு முக்கியமான நிபந்தனை. ஒரே பாலம், ஒரே சாலை என்றுள்ள ஊரில் இதே மருந்து வேலை செய்யும் என்று நான் உறுதி கூறமாட்டேன்.

நேர இழப்பையும் கணக்கிடலாம். புல்வாரின் நீளம் சுமார் அரை கிலோமீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 18 வினாடி, 40 கி.மீ. வேகத்தில் 45 வினாடி. வேகம் குறைந்ததால் இழந்தது அரை நிமிடத்துக்கும் குறைவு. எஞ்சிய தாமதம் முழுவதும் சிக்னல்களில் காத்திருப்பது. அது கொஞ்சநஞ்சமல்ல. மாலை நேரத்தில் நெடுஞ்சாலைக்குப் போகும் கார்கள் ஓக் வீதியில் நீண்ட வரிசையாக நின்று புகை கக்குகின்றன. அந்த வீதிக்காரர்களைக் கேட்டால், மேம்பாலம் இருந்த காலமே மேல் என்று சொல்பவர்களும் இருக்கலாம்.

மேம்பாலம் நின்றிருந்த நிலத்துண்டுகளில் வீடுகள் எழுந்தன. அவற்றில் ஒரு பகுதி வருமானம் குறைந்தோருக்கென ஒதுக்கப்பட்டது. புல்வாரின் வட முனையில் ஒரு சிறு பூங்கா. மேம்பாலத்தை எதிர்த்துப் பாடுபட்ட பாட்ரீஷியா வாக்கப் என்ற பேட்டைவாசியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கடைகள் வந்தன, காப்பிக்கடைகள் வந்தன, அவற்றின் பின்னால் வாடகையும் ஏறியது. மேம்பாலத்தின் இருட்டில் மலிவாகக் குடியிருந்தவர்கள் எல்லாரும் மரநிழலில் குடியிருக்க முடியவில்லை. தெரு வரைபடத்தில் இந்தக் கணக்கு வராது.

கடைசியாக மார்க்கெட் வீதி முனைக்கு வருவோம். விரைவுச்சாலையும் தெருவும் கைகுலுக்கும் இடம் அது. அமெரிக்காவில் வண்டிகள் வலப்புறமாகச் செல்லும். மார்க்கெட் வீதியில் கிழக்கு நோக்கி வரும் கார் வலப்புறம் ஒடித்தால் நேரே விரைவுச்சாலையில் ஏறிவிடலாம். ஆனால் அந்தக் காருக்கும் நடைபாதைக்கும் இடையே, சாலையோரமாக, சைக்கிள்காரர்கள் நேரே போய்க்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் இடப்புறம் ஒடிக்கும் பேருந்து, ஓரமாகப் போகும் சைக்கிளை மறிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே நிலைமைதான். வடிவமைப்பாளர்கள் யோசித்து, அந்தத் திருப்பத்தையே தடை செய்தார்கள். கார்கள் சில தெருக்கள் சுற்றிக்கொண்டு வரவேண்டும். தடையை மீறிச் சிலர் திரும்பினார்கள், சைக்கிள்காரர்கள் அடிபட்டார்கள். அதன் பிறகு திட்டுகளும் அறிவிப்புப் பலகைகளும் கூட்டப்பட்டன. விரைவுச்சாலை கண்ணெதிரே தெரியும்போது, ஓட்டுநரின் மனம் தெருவை விட்டு அதில் ஏறிவிடுகிறது. சைக்கிளோ அந்த நேரத்தில் அவருக்குப் பக்கத்தில், இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறது.